முதுகில் வைத்த மண்

நாங்கள் சொந்தமாக நிலம் வாங்கிய மறு வருஷம் அப்பாவின் முகம் மாறத் தொடங்கியது. முதலில் இமைகள். காலையில் எழுந்து வரும்போது இரண்டு இமையும் உப்பி, கண் வெறும் கீற்றாக இருக்கும். தூக்கம் சரியில்லை என்றார். பிறகு கழுத்து, காதுக்குப் பின்புறம், முழங்கை மடிப்பு என்று சிவந்துகொண்டே போனது. சொறிந்து சொறிந்து அந்த இடமெல்லாம் தோல் தடித்தது. அடுத்த கோடைக்குள் நெற்றியில் ஆழமான வரிகள் விழுந்து, மூக்கும் காதும் கனத்து, பழைய முகத்துக்கு உறவுக்கார முகம் போல ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது.

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரத்தில் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் கல்யாணமான நாள் முதல் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள். அம்மா நடவுக்கும் களை எடுக்கவும், அப்பா வரப்பு அண்டை வெட்டுவது முதல் போரடிப்பது வரை எல்லாவற்றுக்கும். அண்ணன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஓர் ஏஜெண்ட் மூலம் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போனான். அவன் அனுப்பிய பணத்தில் வீட்டுக்கு ஓட்டை எடுத்துவிட்டுத் தளம் போடலாம் என்று அம்மா சொன்னாள். அப்பா கேட்கவில்லை. நிலம்தான் என்றார்.

ஊரில் பெரிய வீடு என்று சொல்வோமே, அவர்களிடம் வாய்க்காலை ஒட்டி ஒரு துண்டு இருந்தது. பிள்ளைகள் ஒருவர் அமெரிக்காவிலும் ஒருவர் சென்னையிலும் இருந்துவிட்டதால் பெரியவர் ஒருவர்தான் ஊரில் இருந்தார். பார்க்க ஆளில்லாமல் அந்த இடம் சில வருஷமாகத் தரிசாகக் கிடந்தது. அவர் விற்க நினைத்தார், நாங்கள் வாங்கினோம். கிரயம் முடிந்த அன்று அப்பா ரிஜிஸ்டர் ஆபீஸிலிருந்து வீட்டுக்கு வரவில்லை. நேராக வயலுக்குப் போய்விட்டார்.

அந்தத் தரிசில் இடுப்புயரத்துக்குக் களை மண்டியிருந்தது. கொத்தமல்லி இலை மாதிரி இலை, பொடிப்பொடியாக வெள்ளைப் பூ. ஆள் வைத்து வெட்டலாம் என்று அம்மா சொன்னதற்கு, "நம்ம நெலத்த நாமதான் தொறக்கணும்" என்றார். சட்டையைக் கழற்றி வரப்பில் போட்டுவிட்டு, கையாலேயே பிடுங்கிப் பிடுங்கிக் குவித்தார். பல நாள் வேலை. நான் சாப்பாடு கொண்டுபோனபோது பார்த்திருக்கிறேன். வியர்த்த உடம்பு முழுக்க வெள்ளைத் தூள் ஒட்டியிருக்கும். அப்பா அவ்வளவு சந்தோஷமாக வேலை செய்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

நான் அப்போது தஞ்சாவூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். மூலைக்கு மூலை அப்படிப்பட்ட சென்டர்கள் திறந்துகொண்டிருந்த காலம். டைப்ரைட்டிங் லோயர், ஹையர் முடித்திருந்ததால் வருகிற பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுப்பது என் வேலை. காலை பஸ்ஸில் போனால் இருட்டிய பிறகுதான் வருவேன், அப்பாவைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைதான். அதனால் அப்பாவின் முகத்தில் நடந்ததை நான் கொஞ்சம் விட்டுவிட்டுத்தான் பார்த்தேன். கூடவே இருந்தவர்களைவிட எனக்கு அது அதிகமாகத் தெரிந்தது.

ஊர் முதலில் குஷ்டம் என்றது. அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே பஞ்சால் தொட்டு, ஊசி முனையால் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு எங்கே தொடுகிறோம் என்று சொல்லச் சொன்னார்கள். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார். உணர்ச்சி நன்றாக இருக்கிறது, இது அந்த வியாதியே இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் ஆஸ்பத்திரி சொன்னது டீக்கடைக்குப் போய்ச் சேரவில்லை. அங்கே எல்லாருக்கும் கண்ணாடி கிளாசில் டீ வரும்போது, அப்பாவுக்கு மட்டும் பிளாஸ்டிக் கப்பில் வந்தது. புதுசாக வந்த கப், குடித்துவிட்டுப் போட்டுவிடலாம், சுத்தமாக இருக்கும் என்று கடைக்காரர் சொன்னாராம். அப்பா சின்ன வயதில் எந்த மாதிரிக் கடைகளில், எந்த மாதிரிக் குவளையில் டீ குடித்தவர் என்பது கடைக்காரருக்கும் தெரியும். அன்றோடு அப்பா டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

பாபநாசத்தில் ஒரு டாக்டர் ஊசி போடுவார். போட்டால் சில நாள் முகம் வடியும், பிறகு பழையபடி ஏறும். இதற்கிடையில் வேதாரண்யத்தில் அத்தை வீட்டில் ஒரு காதுகுத்து. அப்பாவின் தங்கையைக் கட்டியவர் அங்கே உப்பளத்தில் வேலை செய்பவர். காதுகுத்துக்குப் போன அப்பாவை அத்தை விடவில்லை, கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போ என்று பிடித்துவைத்துக்கொண்டாள். உப்பளத்து வெயில் சாதாரண வெயில் இல்லை. மேலேயிருந்தும் அடிக்கும், உப்பிலிருந்தும் அடிக்கும். அந்த வெயிலில் நின்று உப்பு வாரிவிட்டுத் திரும்பி வந்த அப்பாவைப் பார்த்து அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். வீக்கம் இல்லை. சிவப்பு இல்லை. வேதாரண்யத்துக்கு ஊசியும் போகவில்லை, களிம்பும் போகவில்லை.

ஊருக்கு வந்தார், வயலுக்குப் போனார். அந்த வாரமே இமை வீங்கிவிட்டது.

அதற்குப் பிறகு ஊருக்குச் சந்தேகமே இல்லை. மண் ஏத்துக்கல என்று சொல்ல ஆரம்பித்தார்கள். எங்கள் தெருவிலேயே சொன்னார்கள். நிலத்தை விற்ற பெரியவர் ஒருநாள் குடையை ஊன்றிக்கொண்டு வரப்பு வரைக்கும் வந்தார். நான் அப்போது அங்கே இருந்தேன்.

"என்னப்பா, ஒடம்ப இப்படிக் கெடுத்துக்கிட்ட. சில மண்ணு சிலபேருக்கு ஒத்துக்காது. அதுல வருத்தப்பட ஒண்ணும் இல்ல" என்றார். "வேணும்னா நானே திருப்பி எடுத்துக்கறேன். நீ குடுத்தது அப்படியே வந்துரும்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இன்றும் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. அவர் குரலில் இரக்கம் இருந்தது. அந்த இரக்கத்தைத்தான் அப்பாவால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"மண்ணு ஒத்துக்காமப் போகுமா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"எத்தன வருஷமா இந்த மண்ணுல கெடக்கறோம். இப்பதான் ஒத்துக்காமப் போச்சாக்கும்" என்றாள் அம்மா.

"அப்ப அது அவங்க மண்ணு. இப்ப நம்மளுது."

அம்மா அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள். 

அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் எஸ்.டி.டி. பூத்துக்குக் கூப்பிடுவான். முதலில் நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னான். உடம்பைவிட நிலமா என்றான். அடுத்த ஞாயிறு கூப்பிட்டபோது குரல் வேறாக இருந்தது. அவனோடு தங்கியிருந்த ஒருவருக்குக் கையெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்ததாம். அங்கே டாக்டர் அவர் முதுகில் சின்னச் சின்னதாக என்னென்னவோ மருந்தை ஒட்டி அனுப்பினாராம். இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தால் சிமெண்ட்டில் இருக்கிற ஏதோ ஒன்று வைத்த இடம் மட்டும் பொங்கியிருந்ததாம்.

"கை வெடிச்சதுக்கு முதுகுல எதுக்குண்ணே ஒட்டணும்?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும். ஆனா கரெக்டா சொல்லிட்டாங்க. தஞ்சாவூர்ல அந்த மாதிரி பாப்பாங்களான்னு கேளு" என்றான்.

கேட்டேன். என்னிடம் கீபோர்டு கற்றுக்கொண்டிருந்த ஒரு நர்ஸ் பெண், தோல் டாக்டர் ஒருத்தரைச் சொன்னாள். மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். ஒடிசலான அம்மாள், வாயில் துணிப் புடவை, சாயங்காலம் மட்டும் வீட்டில் பார்ப்பார். அப்பாவின் முகத்தை அவர் கையுறை போடாமல் இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். காதுக்குப் பின்னால் மடித்துப் பார்த்தார். தாடைக்குக் கீழே பார்த்தார். பல மாதத்துக்குப் பிறகு எங்கள் வீட்டு ஆள் அல்லாத ஒருவர் அப்பாவின் முகத்தைத் தொட்டது அன்றுதான். அப்பாவின் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. டாக்டர் அதை எரிச்சல் என்று நினைத்திருப்பார்.

"வெயிலால மட்டும்னா தாடைக்கு அடியில இவ்வளவு வராது. காத்துல வர்றது எதுவோ படுது" என்றார். "எங்கயாவது போனா சரியாகுதா?"

வேதாரண்யத்தைச் சொன்னோம். அவர் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டு அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"ஐயா, தோலு ஒரு பொருளை ஆகாதுன்னு ஒரு தடவை முடிவு பண்ணிட்டா, அப்புறம் லேசுல மறக்காது. முகத்துல மட்டும் இல்ல, உடம்பு பூரா அந்த ஞாபகம் இருக்கும். அதனால முகத்துக்கு ஆனதை முதுகைக் கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்."

"முதுகு சொல்லுமாம்மா?" என்றார் அப்பா.

"சொல்லும். ஆனா முதுகு அமைதியா இருக்கறப்பதான் கேக்கணும். இந்த ஊசியெல்லாம் நிறுத்திடுங்க. ஊசி போட்டா முதுகு வாயைத் திறக்காது. வேதாரண்யத்துக்கே போய் இருந்துட்டு, உடம்பு ஆறினதும் வாங்க. மார்கழில வாங்க, வேர்க்காது."

வரும்போது, தினமும் கையில் புழங்குகிற பொருள்கள், வயலிலும் வரப்பிலும் இருக்கிற செடிகள் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொண்டுவரச் சொன்னார். பூச்சிமருந்தைத் தொடாமல் டப்பாவோடு கொண்டுவாருங்கள், அதை அப்படியே வைத்தால் புண்ணாகிவிடும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

மார்கழியில் அப்பா முகம் தெளிந்து வேதாரண்யத்திலிருந்து நேராகத் தஞ்சாவூர் வந்தார். நானும் அம்மாவும் ஊரிலிருந்து பையோடு போனோம். வரப்பில் இருந்த ஒவ்வொரு செடியையும் அம்மா வெறுங்கையால் பறித்துத் தனித்தனித் தாளில் சுற்றியிருந்தாள். நெற்கதிர், வைக்கோல், தவிடு, அப்பாவின் செருப்பு வாரில் ஒரு துண்டு. எல்லாவற்றையும் மேஜையில் பரப்பியபோது டாக்டர் சிரித்துவிட்டார். கடைசியில் அப்பா அம்மாவிடமிருந்த ஒரு முடிச்சை வாங்கி அவிழ்த்தார். எங்கள் வயல் மண். அத்தை வீட்டிலிருந்து ஃபோன் பண்ணி அதைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் என்பது எனக்கே அப்போதுதான் தெரியும்.

"மண்ணா?" என்றார் டாக்டர்.

"ஊர்ல மண்ணு ஏத்துக்கலைங்கறாங்கம்மா. அதையும் ஒரு ஓரமா வெச்சுப் பாத்துருங்க."

 எங்கள் தெரு, அந்த நிலம், யாரிடம் வாங்கினோம் என்று நாங்கள் எதுவும் சொல்லவில்லை. டாக்டர் கேட்கவும் இல்லை. "வைக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒரு சிட்டிகை எடுத்து இரண்டு சொட்டுத் தண்ணீரில் குழைத்தார்.

அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் திரும்பி உட்கார்ந்தார். அப்போதுதான் அந்த முதுகை நான் அவ்வளவு வெளிச்சத்தில் பார்க்கிறேன். நெல்மூட்டை ஏறி இறங்கிய முதுகு. தோள்பட்டைக்குக் கீழே காய்த்துப்போன மேடு, ஒரு பக்கம் பழைய தழும்பு. டாக்டர் பிளாஸ்திரி போல ஒரு வெள்ளை நாடாவை எடுத்தார். அதில் வரிசையாகச் சட்டைப் பொத்தான் அளவுக்கு அலுமினியக் கிண்ணங்கள். ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு துளி. சிலது டாக்டரிடம் இருந்த சிரிஞ்சுகளிலிருந்து, வாசலின் மாதிரி மெழுகாக வந்தது. சிமெண்ட்டில் இருப்பது, ரப்பரில் இருப்பது, வாசனைப் பொருள்களில் இருப்பது என்று சொல்லிக்கொண்டே வைத்தார். சிலது நாங்கள் கொண்டுபோனவை. முதுகில் அழுத்தி ஒட்டி, பக்கத்தில் பேனாவால் குறி போட்டார். வலப்பக்கம் மேலே நாங்கள் கொண்டுபோன ஒரு செடியின் இலை, பக்கத்தில் அவரிடமிருந்த ஒரு சாறு. இடப்பக்கம் கீழ்க்கோடியில் மண்.

நாற்றுவிட்ட பாத்திகள் மாதிரி இருந்தது. எந்தப் பாத்தியில் முளைக்கும் என்று தெரியாமல் விதைத்துவிட்டு வந்தோம்.

குளிக்கக்கூடாது, குனிந்து வேலை செய்யக்கூடாது, சொறியவே கூடாது. ஊருக்குப் போனால் முகத்தில் மறுபடி ஏறிவிடும் என்று தஞ்சாவூரிலேயே அம்மாவின் சித்தி மகள் வீட்டில் தங்கினோம். சும்மா உட்கார்ந்திருப்பது அப்பாவுக்குப் பழக்கமில்லாத வேலை. அந்த வீட்டில் டிஷ் ஆண்டெனா வைத்திருந்தார்கள். புரியாத பாஷையில் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு சேனலைப் பார்த்துக்கொண்டு, சுவரில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மறுநாள் விடிந்ததும் எழுந்து உட்கார்ந்து, "ஒரு எடத்துல மட்டும் கொள்ளி வெச்ச மாதிரி எரியுது" என்றார்.

"எந்தப் பக்கம்?" என்றாள் அம்மா.

அப்பா சொல்லவில்லை. கை வைத்துக் காட்டவும் இல்லை. மண்ணை எங்கே வைத்தார்கள் என்று அவர் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். கேட்டுவிடுவாரோ என்று நானும், சொல்லிவிடுவேனோ என்று அவரும், அந்த நாளை அப்படியே கழித்தோம்.

அதற்கும் மறுநாள் டாக்டர் நாடாவை மெல்லப் பிரித்தார். அழுந்தின தடம் அடங்க வேண்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொன்னார். பிறகு ஜன்னலைத் திறந்து, அப்பாவை வெளிச்சத்துக்கு முதுகு காட்டி உட்காரவைத்தார்.

நான் பார்த்ததை எப்படிச் சொல்வது என்று இன்றும் தெரியவில்லை. முதுகு முழுக்க வெறும் முதுகு. கிண்ணம் இருந்த இடங்களில் லேசான வட்டத் தடம், அவ்வளவுதான். வலப்பக்கம் மேலே அடுத்தடுத்து இரண்டு இடங்கள் மட்டும் செக்கச்செவேலென்று தடித்து எழும்பியிருந்தன. பொத்தான் அளவுக்கு வட்டமாக, ஒழுங்காக. அவற்றின் மேல் கடுகைவிடச் சின்னதாக நீர்க்கொப்புளங்கள் மின்னின. இரண்டு வருஷமாக அவர் முகத்தில் ஊர் முழுக்கப் பார்த்த அந்த வியாதி, அதே சிவப்பு, அதே தடிப்பு, இப்போது இரண்டு பொட்டாகச் சுருங்கி அங்கே உட்கார்ந்திருந்தது. எத்தனை வாய்கள் எத்தனை காரணம் சொல்லியிருந்தன. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்த உடம்பு, கேட்க வேண்டிய மாதிரி கேட்டதும் விரல் வைத்துக் காட்டிவிட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. சர்ச்சுக்கும் கோயிலுக்கும் போய் வந்தவர்கள் சொல்வார்களே, அந்த மாதிரி.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் டாக்டர். "ஒண்ணு எங்கிட்ட இருந்த சாறு. இன்னொண்ணு நீங்க வரப்புலேருந்து கொண்டாந்த இலை. பார்த்தீனியம்."

அப்பா திரும்பாமலே கேட்டார். "மண்ணு வெச்ச எடம்?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நீ சொல் என்கிற மாதிரி.

"ஒண்ணுமே இல்லப்பா. சுத்தமா இருக்கு" என்றேன்.

"நல்லாப் பாத்தியா?"

"தொட்டே பாக்கறேன்ப்பா." இடப்பக்கம் கீழ்க்கோடியில் விரலை வைத்தேன். தோலில் இரண்டு மூன்று மண் துகள் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே தோல் குளிர்ச்சியாக, சமமாக இருந்தது.

டாக்டர் உள்ளே போய் ஒரு கைக்கண்ணாடியைக் கொண்டுவந்தார். சுவரில் ஒரு பெரிய கண்ணாடி இருந்தது. இரண்டுக்கும் நடுவில் அப்பாவை நிறுத்தி, கைக்கண்ணாடியை அவரிடம் கொடுத்துச் சாய்த்துப் பிடிக்கச் சொன்னார். அவர் தன் முதுகைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அத்தனை வருஷம் அத்தனை பேருடைய நெல்லைச் சுமந்த முதுகு அவருக்கே தெரியாது. சிவந்த பொட்டுகளை அவர் அதிக நேரம் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கீழே சாய்த்து, மண் இருந்த இடத்தைத் தேடினார். தேடிக் கண்டுபிடித்ததும் அங்கேயே நின்றார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அந்தச் செடி ஊரெல்லாம் கெடக்கேம்மா" என்றார் பிறகு. "ரயில் ரோட்டோரம், பஸ் ஸ்டாண்டு, வாய்க்கா கரை. நாந்தான் கையாலயே புடுங்கிப் போட்டேன். அப்ப ஒண்ணும் ஆவல."

"அப்பதான் உடம்பு அதை அடையாளம் வெச்சுக்கிச்சு. முதல்ல பழகறப்ப ஒண்ணும் தெரியாது. அதுக்கப்புறம் பூத்தூளு காத்துல வந்தாலே போதும்."

"எனக்கு மட்டும் ஏன்? இவளுந்தான் தொட்டா."

"அது எங்களுக்கும் முழுசாத் தெரியாது ஐயா" என்றார் டாக்டர். தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் முறை.

அது நம் ஊர்ச் செடியே இல்லை, கடல் தாண்டி எங்கிருந்தோ வந்தது என்றும் சொன்னார். தானிய மூட்டைகளோடு வந்ததாகச் சொல்வார்களாம். வேதாரண்யத்து உப்பு மண்ணில் அது தலையெடுக்காது, அதனால்தான் அங்கே முகம் தெளிந்தது என்றார். எங்கள் பக்கத்தில் அந்த வருஷங்களில் பேச்செல்லாம் போனவர்களைப் பற்றித்தான். யார் துபாய் போனார், யார் பிள்ளைக்கு அமெரிக்கா விசா கிடைத்தது என்பதே பேச்சு. எங்கிருந்தோ வந்து எங்கள் வரப்பில் குடியிருந்த அதை யாரும் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை.

இரண்டு நாள் கழித்து இன்னொரு தடவை வரச்சொல்லிப் பார்த்தார். மற்ற இடங்களில் புதிதாக ஒன்றும் கிளம்பவில்லை. அந்த இரண்டு பொட்டு மட்டும் கறுத்து, தோல் உரியத் தொடங்கியிருந்தது. முழுசாகக் குணமாகும் என்று அவர் சொல்லவில்லை. முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவுவது, களிம்பு. அந்தச் செடியை அவர் தொடக்கூடாது, பக்கத்தில் யாரும் எரிக்கவும் கூடாது. பூக்கிறதுக்கு முன்னால் மற்றவர்கள் உறை போட்டுக்கொண்டு பிடுங்க வேண்டும்.

ஊருக்கு வந்த மறுநாள் பெரியவர் வயல்பக்கம் வந்தார். அப்பா முழுக்கைச் சட்டையின் கடைசிப் பொத்தான் வரைக்கும் போட்டுக்கொண்டு, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வரப்பில் நின்றார். சம்பா கதிர் சாயத் தொடங்கியிருந்தது.

"என்ன முடிவு பண்ணின?" என்று கேட்டார் பெரியவர்.

"மண்ண முதுகுலயே வெச்சுப் பாத்தாச்சுங்க" என்றார் அப்பா. "ஒண்ணும் பண்ணலீங்க."

பெரியவருக்குப் புரியவில்லை. அப்பா நிதானமாக விளக்கினார். கிண்ணம், நாடா, கண்ணாடி எல்லாவற்றையும் சொன்னார். பார்த்தீனியத்தை வரப்பிலேயே காட்டினார், தொடாமல், சற்று எட்டி நின்று. பெரியவர் குனிந்து அந்தச் செடியைக் குடை முனையால் நிமிர்த்திப் பார்த்தார். "இதா?" என்றார். "இதுவா?" என்று இன்னொரு தடவையும் கேட்டார்.  அவர் அதற்குப் பிறகு நிலத்தைப் பற்றிப் பேசவில்லை. சில நாள் கழித்து, அவரிடம் மிச்சமிருந்த தரிசில் மண்டிய பார்த்தீனியத்தையும் ஆள் விட்டுப் பிடுங்கச் சொல்லியிருந்தார் என்று தெரிந்தது.

அம்மாவும் எங்கள் தெருப் பெண்களும் வாய்க்கால் கரை நெடுக அதைப் பிடுங்கினார்கள். உறை போட்டுக்கொள் என்று நான் வாங்கிக்கொடுத்ததை அம்மா இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிட்டு, பிடி கிடைக்கவில்லை என்று கழற்றிவிட்டாள். அவளுக்கு அன்றும் ஒன்றும் ஆகவில்லை, இன்றுவரை ஆகவில்லை. ஒரே காற்று, ஒரே வரப்பு, ஒரே வீட்டுச் சோறு. பிடுங்கிப் பிடுங்கி ஓயவில்லை, ஒரு மழை பெய்தால் மறுபடி நிற்கும். அப்பாவின் முகமும் முழுசாகப் பழையபடி ஆகவில்லை. மோசமான மாதங்கள் வந்தன. அப்போது வேதாரண்யம் போய்விடுவார். ஆனால் அந்த முகத்தோடு அவர் டீக்கடைக்குப் போனார். கண்ணாடி கிளாசில் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக் குடித்தார்.

சில வருஷம் கழித்து ஒரு கோடையில் உறவுக் கல்யாணத்துக்காக ரயிலில் போனோம். ஏதோ ஒரு ஸ்டேஷனுக்கு வெளியே வண்டி சிக்னலுக்காக வெகுநேரம் நின்றது. தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. ஜன்னலை மூடுவதற்குள் புழுதிக்காற்று உள்ளே அடித்தது. அன்று சாயங்காலமே முகம் வீங்கிவிட்டது. அது எதிர்பார்த்ததுதான். மறுநாள் அப்பா கிணற்றடியில் உட்கார்ந்து குளிக்கையில் முதுகு தேய்த்துவிடப் போன அம்மா, "இங்க வாடி" என்று என்னைக் கூப்பிட்டாள்.

வலப்பக்கம் மேலே, தோள்பட்டைக்குக் கீழே, அடுத்தடுத்து இரண்டு வட்டங்கள் சிவந்திருந்தன. பொத்தான் அளவு. சட்டைக்கும் பனியனுக்கும் உள்ளே இருந்த முதுகு. அங்கே காற்றுப் படவில்லை, தூள் படவில்லை. அந்தத் தடம் மறைந்து போய் எத்தனையோ காலமாகிவிட்டிருந்தது. எங்கே வைத்தார்கள் என்று என்னைக் கேட்டால் குத்துமதிப்பாகத்தான் காட்டியிருப்பேன். முகத்தில் அந்தத் தூள் பட்டதும், ஒரு காலத்தில் தன்னைக் கேள்வி கேட்ட அதே இரண்டு இடத்திலிருந்து தோல் மறுபடி பதில் சொல்லியிருந்தது.

டாக்டரிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. எப்போதாவது அப்படி நடக்கும், பழைய இடத்தில் அந்த ஞாபகம் தங்கியிருக்கும் என்றார். பிறகு, "நானும் படிச்சிருக்கேன், ரெண்டு மூணு பேர்கிட்டதான் பாத்திருக்கேன். கொஞ்சம் காட்டுங்களேன் ஐயா" என்று எழுந்து வந்தார்.

அப்பா சட்டையைக் கழற்றிவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். நானும் டாக்டரும் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.